எக்ஸ்கவேட்டர் ஹைட்ராலிக் கட்டுப்பாட்டில் வரும் மின் பிழைக் குறியீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ப்பக்கம் பொக்லைன் என்றும் ஹிட்டாச்சி என்றும் பெயர் பெற்றுவிட்ட எக்ஸ்கவேட்டர்களில், கல்குவாரியிலும் ஏரி தூர்வாரும் இடத்திலும் அதிகம் நிற்பவை 20 டன் வகையைச் சேர்ந்தவை. எஞ்சினோடு இணைந்த இரண்டு பிஸ்டன் பம்புகள், பைலட் அழுத்தம் (வால்வுகளை நகர்த்தும் குறைந்த கட்டுப்பாட்டு அழுத்தம்) தரும் சிறிய கியர் பம்ப், மெயின் கன்ட்ரோல் வால்வு, இவை அனைத்தையும் கவனித்து நடத்தும் கன்ட்ரோலர் என்பதே இவற்றின் பொதுவான அமைப்பு. அந்தக் கன்ட்ரோலர் மானிட்டரில் காட்டும் மின் பிழைக் குறியீடுகளைப் பற்றி ஆபரேட்டர்களும் வண்டி உரிமையாளர்களும் தொழில் பழகும் இளைஞர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கோடு, அதாவது பிழைக் குறியீடு, வந்தவுடன் பாகத்தை மாற்றுவதால் வீணாகும் பணத்தையும் வேலை நாள்களையும் பார்த்துப் பார்த்து வருந்தியதே இதை எழுதக் காரணம்.

பம்ப் சோலனாய்டு என்று கோடு வந்தால், சோலனாய்டு போய்விட்டது என்றுதானே பொருள்?

இல்லை. மின்சாரம் போனால் காந்தமாகி வால்வை நகர்த்தும் பாகமான சோலனாய்டைக் கன்ட்ரோலரால் பார்க்க முடியாது. தன்னுடைய பின்களில் நிலவும் வோல்டேஜையும் அவற்றின் வழியே போகும் மின்னோட்டத்தையும் மட்டுமே அது அளக்கிறது. கன்ட்ரோலருக்குள் இருந்து மின்சாரம் அனுப்பும் மின்னணுப் பகுதியான டிரைவர், அங்கிருந்து புறப்படும் வயர், வழியில் வரும் இரண்டு மூன்று கனெக்டர்கள், சோலனாய்டின் செம்புச் சுருளான காயில், திரும்பி வரும் வயர் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஒரு சுற்று. இவற்றில் எந்த இடத்தில் அறுந்தாலும் மானிட்டரில் தோன்றுவது ஒரே கோடுதான். ஆகவே கோடு வந்ததும் எந்தச் சுற்று என்பது தெரிந்துவிடும். அந்தச் சுற்றில் எந்த இடம் என்பதை மீட்டரைக் கொண்டு நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எஸ்பிஎன், எஃப்எம்ஐ என்று இரண்டு எண்கள் வருகின்றன. அவற்றை எப்படிப் படிப்பது?

கனரக வண்டிகளின் எலெக்ட்ரானிக் பாகங்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்காக வகுக்கப்பட்ட எஸ்ஏஇ ஜே1939 என்னும் தரநிலையிலிருந்து இந்த எண்கள் வருகின்றன. எஸ்பிஎன் என்பது எந்த அளவைப் பற்றிய கோளாறு என்பதைச் சொல்லும். எடுத்துக்காட்டாக, 100 என்றால் எஞ்சின் ஆயில் அழுத்தம், 110 என்றால் கூலன்ட் வெப்பநிலை, 168 என்றால் பேட்டரி வோல்டேஜ். எஃப்எம்ஐ என்பது கோளாறின் வகையைச் சொல்லும். தேடலை எங்கே தொடங்குவது என்பதை முடிவு செய்வது இந்த இரண்டாவது எண்தான் என்பதால், இதை மனப்பாடமாகவே வைத்திருப்பது நல்லது.

எஃப்எம்ஐ 3 என்றால் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட அதிகம், அல்லது மேல் வோல்டேஜோடு ஷார்ட். 4 என்றால் வோல்டேஜ் குறைவு, அல்லது தாழ் வோல்டேஜோடு ஷார்ட். இவை இரண்டும் பெரும்பாலும் சென்சார்களில் வரும். 5 என்றால் மின்னோட்டம் குறைவு அல்லது சுற்று அறுந்துள்ளது. 6 என்றால் மின்னோட்டம் அதிகம் அல்லது சுற்று எர்த்தாகியுள்ளது. இவை பெரும்பாலும் சோலனாய்டுகளில் வரும். 2 என்றால் தரவு தாறுமாறாக வருகிறது. 9 என்றால் வர வேண்டிய செய்தி வர வேண்டிய வேகத்தில் வரவில்லை. 7 என்றால் மின்சாரப் பக்கம் கட்டளை போயும் இயந்திரப் பக்கம் அதன்படி நடக்கவில்லை.

0, 1 ஆகிய இரண்டையும் தனியாகக் கவனிக்க வேண்டும். சென்சார் ஒழுங்காக இருக்கிறது, அது சொல்லும் அளவுதான் மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ இருக்கிறது என்பது அவற்றின் பொருள். எஸ்பிஎன் 110, எஃப்எம்ஐ 0 என்று வந்தால் எஞ்சின் உண்மையிலேயே கொதிக்கிறது. அந்த நேரத்தில் சென்சாரைக் கழற்றிக்கொண்டிருப்பது எஞ்சினை இழக்கும் வழி.

எல்லா நிறுவனங்களும் இந்த முறையை அப்படியே மானிட்டரில் காட்டுவதில்லை. கொமாட்சு பிசி200-8 போன்ற வண்டிகளில் ஆபரேட்டருக்கு இ02, இ03 என்ற சுருக்கக் குறியீடு தெரியும். இ02 பம்பைக் கட்டுப்படுத்தும் வால்வு சுற்றையும், இ03 ஸ்விங் பிரேக் சுற்றையும் குறிக்கும். சர்வீஸ் திரைக்குள் போனால் ஆறு எழுத்துக் குறியீடு கிடைக்கும். அது கேஏ என்று முடிந்தால் சுற்று அறுந்துள்ளது, கேபி என்று முடிந்தால் ஷார்ட். இ02 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்காமல், அந்தக் கடைசி இரண்டு எழுத்துகளையும் பார்த்துவிட்டால் பாதித் தேடல் மிச்சமாகிறது.

சோதனையைத் தொடங்குமுன் வண்டியை எப்படி நிறுத்த வேண்டும்?

சமதரையில் நிறுத்தி, பக்கெட்டையும் பூமையும் தரையில் இறக்கிவிட்டு, எஞ்சினை அணைக்க வேண்டும். பிறகு சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து, பைலட் லாக் லீவரைத் திறந்து, ஜாய்ஸ்டிக்குகளை எல்லாத் திசையிலும் பலமுறை அசைத்தால் மிச்ச அழுத்தம் வெளியேறும். ஹைட்ராலிக் டேங்க் மேலுள்ள காற்றுவழி மூடியான பிரீதரை அழுத்தி அங்குள்ள அழுத்தத்தையும் விட வேண்டும். மெயின் லைனில் 300 பாருக்கு மேல் அழுத்தம் நிலவும் இயந்திரம் இது. கசியும் ஹோஸை ஒருபோதும் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது; ஆனாலும் உடனடியாக அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும்.

பழைய கோடுகளை முதலிலேயே அழித்துவிட்டுப் பார்க்கலாமா?

எழுதி வைத்த பிறகு அழிக்கலாம். எது இப்போது நடப்பில் உள்ளது, எது பதிவில் மட்டும் உள்ளது, எத்தனை முறை வந்தது, எந்த மணிக்கணக்கில் வந்தது என்ற நான்கும் முக்கியம். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டாலே போதும். அழித்த பிறகு மீண்டும் வருவதுதான் உயிரோடு இருக்கும் கோளாறு. ஆனால் சோலனாய்டு கோடுகளில் சில, அந்தச் சோலனாய்டுக்குக் கட்டளை போகும்போதுதான் தோன்றும் என்பதால், சாவியைப் போட்டவுடன் கோடு வரவில்லை என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கோளாறு வந்ததாக ஆபரேட்டர் சொன்ன அதே வேலையைச் செய்ய வைத்துப் பார்க்க வேண்டும்.

எந்தக் கோடாக இருந்தாலும் முதலில் அளக்க வேண்டியது எது?

பேட்டரி. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்த 24 வோல்ட் அமைப்பு இது. முழுமையாகச் சார்ஜ் ஏறிய நிலையில் 25.2 வோல்ட்டுக்குக் குறையாமலும், எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 27.5 முதல் 28.5 வோல்ட் வரையிலும் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 19 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கன்ட்ரோலர் தடுமாறி, தொடர்பில்லாத நான்கைந்து கோடுகளைப் பதிவில் போட்டுவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வரும் கோடுகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக அளந்து பாருங்கள், ஒன்று 12.6, மற்றது 11.4 என்றிருந்தால் மொத்தக் கணக்கு 24 என்று வந்து நம்மை ஏமாற்றும்.

அடுத்தது எர்த். கேபினுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையின் அடியில் பெயின்டோ துருவோ இருந்தால் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் ஐந்தாறு சென்சார் கோடுகள் வருகின்றன. எல்லாச் சென்சார்களும் ஒன்றாகப் போகுமா?

போகாது. அழுத்த சென்சார்களுக்குக் கன்ட்ரோலர் 5 வோல்ட் சப்ளை தருகிறது. அந்த ஒரே சப்ளையில்தான் பல சென்சார்கள் தொங்குகின்றன. அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும், ஒரு வயர் உரசிச் சட்டத்தில் பட்டாலும், 5 வோல்ட் முழுவதும் சரிந்து, நல்ல சென்சார்களும் கெட்டவை போல் தோன்றும். சாவி ஆனில் இருக்க, ஏதாவது ஒரு சென்சார் கனெக்டரில் 5 வோல்ட் பின்னை அளந்துகொண்டே மற்றச் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வாருங்கள். எதைக் கழற்றும்போது வோல்டேஜ் 5க்கு ஏறுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஏறாவிட்டால் கோளாறு ஹார்னஸிலோ (வயர்க் கட்டு) கன்ட்ரோலரிலோ இருக்கிறது.

ஒரே ஒரு அழுத்த சென்சார் கோடு. சென்சாரா, வயரா என்று எப்படிப் பிரிப்பது?

இந்தச் சென்சார்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று வயர்கள் உண்டு: 5 வோல்ட், எர்த், சிக்னல். அழுத்தம் இல்லாதபோது சிக்னல் 0.5 வோல்ட், முழு அளவில் 4.5 வோல்ட் என்பதே பரவலான வழக்கம். 500 பார் சென்சாரில் 250 பாருக்கு 2.5 வோல்ட்டும், 320 பாருக்கு ஏறத்தாழ 3.06 வோல்ட்டும் வர வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போதே 1.8 வோல்ட் வருகிறது என்றால், மிச்ச அழுத்தத்தை விட்டாயிற்று என்பதை உறுதி செய்துகொண்டு சென்சாரைச் சந்தேகிக்கலாம். பட்டறையில் பார் என்று சொல்லாமல் கிலோ என்று சொல்வார்கள். 1 பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 1.02 கிலோ என்பதால் இந்தச் சோதனைக்கு இரண்டையும் ஒன்றாகவே கொள்ளலாம்.

கோடு நடப்பில் இருக்கும்போது சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டு மானிட்டரைப் பாருங்கள். எஃப்எம்ஐ 4 என்று இருந்தது 3 ஆக மாறினால், வயரும் கன்ட்ரோலரும் சென்சார் கழன்றதை உணர்ந்துவிட்டன என்று பொருள், சென்சாரை மாற்றலாம். கழற்றியும் 4 அப்படியே நின்றால் சிக்னல் வயர் எங்கோ எர்த்தாகியிருக்கலாம், அல்லது 5 வோல்ட் வரவில்லை. கழன்ற நிலையை 3 என்று காட்டும் கன்ட்ரோலர்களும் உண்டு, 4 என்று காட்டுபவையும் உண்டு. இதை உங்கள் வண்டியில் ஒரு நல்ல சென்சாரைக் கழற்றிப் பார்த்து முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

புரபோர்ஷனல் சோலனாய்டு காயிலைச் சரியாகச் சோதிப்பது எப்படி?

கனெக்டரைக் கழற்றி, காயிலின் இரண்டு பின்களுக்கு நடுவே ஓம் அளவைப் பாருங்கள். சரியான எண்ணை அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், ஏனென்றால் மாடலுக்கு மாடல் அது மாறும். பிறகு ஒரு பின்னுக்கும் காயிலின் உடலுக்கும் நடுவே அளந்தால் தொடர்பே இருக்கக் கூடாது.

அளக்கும்போது காயில் எவ்வளவு சூடாக இருந்தது என்பதையும் சேர்த்தே எழுதி வையுங்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 17 ஓம் காட்டும் காயில் 80 டிகிரியில் 21 ஓம் காட்டும். இதை அறியாமல், சூடான நல்ல காயிலைக் கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்மாறாக, குளிர்ந்த நிலையில் சரியாக இருந்து சூடேறியதும் அறுந்துபோகும் காயில்களும் உண்டு. அவற்றை வேலை முடிந்த சூட்டிலேயே அளக்க வேண்டும்.

இந்தச் சோலனாய்டுகளுக்குக் கன்ட்ரோலர் நேராக 24 வோல்ட் தருவதில்லை. நொடிக்கு நூறு முறைக்கும் மேல் ஆன், ஆஃப் என்று வெட்டி வெட்டித் தந்து, சராசரி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அந்த மின்னோட்டத்துக்கு ஏற்ப, வால்வுக்குள் இருக்கும் உருளையான ஸ்பூல் நகர்ந்து பைலட் அழுத்தத்தை மாற்ற, பம்பின் தட்டுச் சாய்வு மாறி எண்ணெய் அளவு கூடவோ குறையவோ செய்கிறது. ஆகவே ஓடும் நிலையில் வோல்டேஜை அளப்பதால் பயன் குறைவு. மீட்டரைத் தொடராக இணைத்து மில்லி ஆம்பியரில் அளந்து, மானிட்டரில் தெரியும் கட்டளை மின்னோட்டத்தோடு ஒப்பிட வேண்டும்.

பக்கத்தில் அதே வகைக் காயில் இன்னொன்று இருந்தால், எஞ்சின் அணைந்த நிலையில் இரண்டு கனெக்டர்களையும் மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். கோடு இடம் மாறினால் காயிலில் கோளாறு. அதே இடத்தில் நின்றால் வயரிலோ கன்ட்ரோலரிலோ கோளாறு. மாற்றிய நிலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

மீட்டர் 24 வோல்ட் காட்டுகிறது, வயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கோடு போகவில்லையே?

ஒரு கல்குவாரியில் இதே நிலையில் ஒரு வண்டியைப் பார்த்தேன். நண்பகலுக்குப் பிறகு பம்ப் வால்வு சுற்று அறுந்ததாகக் கோடு வரும். ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் போய்விடும். எனக்கு முன் வந்தவர்கள் இரண்டு காயில்களை மாற்றியிருந்தார்கள். கனெக்டரில் சப்ளை 24 வோல்ட் சரியாகவே இருந்தது. வயரின் இரு முனைகளையும் கழற்றி, ஒரு முனையில் 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பேட்டரி மின்சாரத்தைக் கொடுத்து, மறு முனையில் 24 வோல்ட், 21 வாட் பல்பை எர்த்தோடு இணைத்தேன். பல்ப் அடுப்புக் கங்கு போலச் செந்நிறத்தில் மங்கலாக நின்றது.

கனெக்டரின் பின்பக்க ரப்பர் சீல் ஒன்று கிழிந்திருந்தது. பின்னை வெளியே எடுத்தபோது, வயரை அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் இருந்த இடத்தில் செம்பு கறுத்து, நகத்தால் சுரண்டினால் பச்சைப் பொடி உதிர்ந்தது. வயரின் பிளாஸ்டிக் உறையை வெட்டினால் இரண்டு விரற்கடை தூரத்துக்கு உள்ளேயும் அதே கறுப்பு. பிரஷர் வாஷ் செய்த தண்ணீர் சீல் வழியாகப் புகுந்து வயருக்குள் ஏறியிருக்கிறது. நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, புதிய டெர்மினல் கிரிம்ப் செய்து, சீலையும் மாற்றினேன். பல்ப் வெள்ளையாக எரிந்தது. வண்டியும் அன்று மாலை வரை நிற்காமல் ஓடியது.

மீட்டர் ஏன் இதைக் காட்டவில்லை என்றால், அது அளக்கும்போது எடுக்கும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் அளவுதான். அவ்வளவு குறைந்த மின்னோட்டத்துக்கு அந்தக் கறுத்த கிரிம்பின் தடை ஒரு பொருட்டே இல்லை. 21 வாட் பல்ப் ஏறத்தாழ 0.9 ஆம்பியர் எடுக்கும். சோலனாய்டும் கிட்டத்தட்ட அந்த அளவைத்தான் எடுக்கும். ஆகவே சுமை கொடுத்துச் சோதிப்பதுதான் சோதனை. ஆனால் கன்ட்ரோலர் இணைந்திருக்கும்போது சிக்னல் வயர்களிலோ 5 வோல்ட் வயரிலோ இந்தப் பல்பை ஒருபோதும் வைக்கக் கூடாது, உள்ளிருக்கும் டிரைவர் எரிந்துவிடும்.

வந்து வந்து மறையும் கோளாறை எப்படிப் பிடிப்பது?

பொறுமைதான் முதல் கருவி. மீட்டரைக் குறைந்த அளவும் கூடிய அளவும் பதியும் நிலையில் வைத்து, கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய பின்னைச் செருகி, ஹார்னஸை ஒரு முழ நீளம், ஒரு முழ நீளமாக அசைத்துக்கொண்டே போங்கள். வயரின் உறையைக் குத்தி அளக்காதீர்கள். அந்தத் துளைதான் அடுத்த மழைக்கு அடுத்த கோளாறாக வரும். பூம் அடிப்பகுதியில் ஹார்னஸ் மடங்கி நிமிரும் இடம், சைலன்சருக்கு அருகே போகும் இடம், கேபின் தரைக்கு அடியில் சட்ட விளிம்பில் உரசும் இடம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். சில வாரம் நிறுத்தி வைத்திருந்த வண்டி என்றால் எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேன் கம்யூனிகேஷன் கோடு வந்தால்?

கேன் என்பது கன்ட்ரோலர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இரண்டு வயர் இணைப்பு. பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, கேன் ஹை, கேன் லோ ஆகிய இரண்டு வயர்களுக்கும் நடுவே ஓம் அளவைப் பாருங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இருப்பதால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனைத் தடை இல்லை அல்லது வயர் அறுந்துள்ளது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று ஷார்ட். 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒரு தடையைச் சேர்த்திருக்கிறார்கள். பின்னாளில் பொருத்தப்பட்ட ஜிபிஎஸ் கருவியை முதலில் கழற்றிப் பாருங்கள். சாவி ஆனில் இருக்கும்போது, எர்த்திலிருந்து அளந்தால் ஹை 2.5 வோல்ட்டுக்குச் சற்று மேலும், லோ சற்றுக் கீழும் இருக்கும்.

கோடே இல்லை, ஆனால் வண்டி மெதுவாக வேலை செய்கிறது. மின்சாரக் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. அழுத்த கேஜை மாட்டி, பைலட் அழுத்தத்தையும் மெயின் ரிலீஃப் அழுத்தத்தையும் (மெயின் லைனின் உச்ச அழுத்த வரம்பு) சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பல வண்டிகளில் பைலட் அழுத்தம் 35 முதல் 40 பார் வரை இருக்கும். கேஜ் காட்டுவதும் மானிட்டர் காட்டுவதும் ஒன்றாக இருந்தால் சென்சார் உண்மையைச் சொல்கிறது. அடைத்த ஃபில்டர், தேய்ந்த பம்ப், சிக்கிய ஸ்பூல் என்று இயந்திரப் பக்கம் தேட வேண்டும்.

அவசர பம்ப் சுவிட்சைப் போட்டு வேலையை முடித்துவிடலாமா?

அன்றைய வேலையை முடிக்கலாம், மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது. கொமாட்சு வண்டிகளில் பம்ப் வால்வுக்கு மின்னோட்டம் போகாவிட்டால் பம்ப் முழுச் சுமையை எடுத்து, எஞ்சின் திணறி நின்றுவிடும். அந்தச் சுவிட்ச் கன்ட்ரோலரை விலக்கி, ஒரு தடை வழியாக நிலையான மின்னோட்டத்தைத் தருவதால் வண்டி ஓடுகிறது. ஆனால் சுமைக்கு ஏற்பப் பம்பைச் சரிசெய்யும் வேலை அங்கே நின்றுபோகிறது. டீசலும் வேலை வேகமும் இரண்டுமே பாதிக்கப்படும். மின்னோட்டம் அற்றுப்போனால் பம்ப் குறைந்த அளவுக்குப் போய்விடும் வண்டிகளும் உண்டு என்பதால், ஒரு வண்டியின் அறிகுறியை இன்னொரு வண்டிக்கு வைத்துப் பார்க்காதீர்கள்.

பக்கெட்டில் வெல்டிங் செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, கன்ட்ரோலர் கனெக்டர்களையும் கழற்றிவிட வேண்டும். வெல்டிங் எர்த்தை வெல்டு செய்யும் இடத்துக்கு மிக அருகிலேயே மாட்ட வேண்டும். எர்த்தை டிராக் ஷூவில் மாட்டிவிட்டுப் பக்கெட் பல்லை வெல்டு செய்தால், அந்த மின்னோட்டம் பின்களையும் ஸ்விங் பேரிங்கையும் கடந்தே திரும்ப வேண்டியிருக்கும்.

கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று எப்போது முடிவு செய்யலாம்?

எல்லாவற்றுக்கும் கடைசியாக. கன்ட்ரோலருக்கு வரும் சப்ளையையும் எர்த்தையும் சுமை கொடுத்துச் சோதித்து, வயரை முனைக்கு முனை பார்த்து, காயிலையும் உறுதி செய்த பிறகும் கோடு நிற்கிறது என்றால், கன்ட்ரோலர் கனெக்டரிலேயே அந்தச் சோலனாய்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 20 ஓம், 50 வாட் தடை ஒன்றை இணைத்துப் பாருங்கள். கோடு மறைந்தால் கன்ட்ரோலர் நன்றாக இருக்கிறது, கோளாறு இன்னும் வெளியேதான் ஒளிந்திருக்கிறது. தடையை வைத்தும் கோடு மாறாவிட்டால் கன்ட்ரோலரை மாற்றலாம். மாற்றுமுன் பாக எண்ணும் மென்பொருள் பதிப்பும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். காயில் ஷார்ட் ஆனதால்தான் பழையது எரிந்தது என்றால், அந்தக் காயிலை முதலில் மாற்றிய பிறகே புதியதை இணைக்க வேண்டும்.